கலா அண்ட் வசந்தா இஸ் கமிங்

சைதாப்பேட்டையில் பஸ் ஏறிய இரண்டு அம்மாக்களுக்கும் அறுபது வயதிருக்கும். ஒருவர் போனில், “கலா அண்ட் வசந்தா இஸ் கமிங்!” என்று கத்தினார். முன்சீட்டுக்காரர் முகம் சுளித்துத் திரும்பினார்.

“‘ஆர் கமிங்’னு சொல்லுடி கலா, மானம் போவுது.”

“பிரெட் அண்ட் பட்டர் எப்பவும் சேர்ந்தே இருக்கும், அதனால ‘இஸ்’தான்னு டீச்சர் சொல்லலே? அன்னியிலேர்ந்து கிளாஸே நம்மளயும் அப்படித்தானே சொல்லிச்சு!”

“ஆமாடி. உனக்கு ஜுரம்னா நானும் மட்டம் போட்ருவேன். உடனே எல்லாரும், ‘கலா அண்ட் வசந்தா இஸ் ஆப்சென்ட்!’”

இருவரும் சிரித்து ஓய்ந்தபோது அடையாறு வந்துவிட்டது.

“அடுத்த மாசம் நீ பையனோட பெங்களூரு போயிடுவே” என்றார் கலா, எழுந்தபடியே. “அப்புறம் நான் ‘ஐ ஆம் கமிங்’னுதான் சொல்லணும்.”