மாப்பிள்ளை வீட்டார் ஆற்றுக்குச் செய்த சீர்

மருதமர நிழலையே பந்தலாக்கித் தலைமை தாங்கும் மதியழகன் அவர்களே, நிலத்தைப் பிளாட் போடுபவர்களுக்குக் கொடுக்காமல் நமக்காகப் பொறுத்திருந்த இஷ்தியாக் பாய் அவர்களே, பிரியாணி தம் உடைக்கும் வாசம் வந்தும் நாற்காலியை விட்டு எழாத பெரியோர்களே, பேச்சைச் சுருக்கச் சொல்லிக் கண்ணாலேயே மிரட்டும் தாய்மார்களே, ஷூ கம்பெனித் தையல்காரி கெங்கம்மாளின் வணக்கம்.

பாலாற்றங்கரையின் இந்தக் காடு யாருடையது? கலெக்டருடையதா? கம்பெனியுடையதா? நம்முடையது. வீட்டுக்கு ஒரு துண்டாக வாங்கினோம். வெட்டமாட்டோம், வேலியிடமாட்டோம், வீடு கட்டமாட்டோம் என்று எழுதிப் பதிந்தோம். பாயிடம் ஆற்றோரத் துண்டு ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அது கைநழுவினால் மணல் லாரிக்குப் பாதை விழும். பாதை விழுந்தால் காடும் விழும். அதையும் வாங்க அன்று நமக்குத் தெம்பில்லை.

அந்த நேரத்தில்தான் என் மகள் மோகனாவைப் பெண் பார்க்கச் சத்துவாச்சாரியிலிருந்து வேன் வந்தது. பெண்ணின் பேரில் ஆற்றங்கரையில் இடம் இருக்கிறது என்று தரகர் சொல்லிவைத்திருந்தார். பொய்யில்லை. இடம் இருந்தது, இடம் முழுக்க மரம் இருந்தது.

மாப்பிள்ளையின் தாயார் சௌந்தரம் அம்மா சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, வீடு எங்க கட்றது?"

"கட்டியாச்சுங்க. மேல பாருங்க, பனையில."

மட்டைக்கு மட்டை தூக்கணாங்குருவிக் கூடு.

நீங்கள் சிரிக்கிறீர்கள். அவர் சிரிக்கவில்லை. காபியைக்கூடத் தொடாமல் எல்லாரும் வேன் ஏறிவிட்டார்கள். மோகனாவின் முகம் சுண்டிப்போனது. காட்டைக் காக்கப்போய் மகளின் கல்யாணத்தைக் கெடுத்தேனோ என்று கலங்கினேன், கண்ணீர் விட்டேன்.

என்ன தம்பி, அப்புறம் என்ன ஆச்சா? அதைத்தான் சொல்ல வருகிறேன், பொறு. பள்ளிகொண்டா டோல்கேட்டில் நின்றபோதுதான் அவர்களுக்குத் தெரிந்தது, மாப்பிள்ளை வேனில் இல்லை.

பதறித் திரும்பி வந்தார்கள். மாப்பிள்ளை சூரியபிரகாஷ் இதே மருதமரத்தடியில் ஷூவைக் கழற்றிப் போட்டுவிட்டு, மடுவில் மீன்கொத்தி எப்போது பாயும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். மீன்கொத்தியைக் காட்டிக்கொடுத்தது யார்? என் மகள்.

"வாடா போலாம்," என்றார் தாயார்.

"இரும்மா, இன்னும் ஒரே ஒரு மீன்."

காத்திருக்க உட்கார்ந்த தாயார் காற்று வாங்கினார். காற்று வாங்கியவர் எழுந்திருக்கவில்லை. பொழுது சாயும்போது என்னைக் கூப்பிட்டார். "அந்த ஆத்தோரத் துண்டு யாருதுங்க?"

பெண் வீட்டார் மாப்பிள்ளைக்குச் சீர் செய்வது உலக வழக்கம். மாப்பிள்ளை வீட்டார் ஆற்றுக்குச் சீர் செய்தது எந்த ஊரில்? நம் ஊரில். அந்தத் துண்டை அவர்களே வாங்கி, இன்று காலை பத்திரம் பதிந்தார்கள். வெட்டமாட்டேன், வேலியிடமாட்டேன், வீடு கட்டமாட்டேன் என்று சம்பந்தியம்மாளும் கையெழுத்துப் போட்டுவிட்டார். இனி லாரிக்கு இங்கே வழியில்லை.

சம்பந்தியம்மா, அன்று நீங்கள் தொடாத காபி இன்று சுடச்சுடக் காத்திருக்கிறது. கேட்டவர்களுக்கு நன்றி, கைதட்டியவர்களுக்குக் கும்பிடு. தை மாதம் இதே மரத்தடியில் கல்யாணம், குடும்பத்தோடு வாருங்கள். மேளத்தை மட்டும் மெதுவாக அடிக்கச் சொல்லியிருக்கிறேன். பனை மாடியில் குடியிருப்பவர்கள் இருக்கிறார்கள். வணக்கம்.