வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை

என் வீட்டுக்காரர் பெயரை மட்டும் என் வாயால் சொல்லச் சொல்லாதீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. கல்யாணமான நாளிலிருந்து அந்த மரியாதையை நான் குறைத்ததில்லை. பக்கத்து குவார்ட்டர்ஸ் பட்டம்மாளைக் கேட்டாலும் சொல்வாள்.

கம்மாபுரம் பக்கம் என் அப்பா எனக்கென்று கொடுத்த நிலத்தைச் சுரங்கத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். நிலத்துக்குப் பதிலாக வந்த வேலை என் வீட்டுக்காரருக்குப் போனது. பொங்கல் கழித்து அவர் ரிட்டயர் ஆக வேண்டும். எங்கள் மகன் பெரியண்ணனோ இன்னும் கான்ட்ராக்டில் மண் அள்ளுகிறான். சர்வீஸில் இருக்கும்போதே அப்பன் கண்ணை மூடினால் பிள்ளைக்கு பெர்மனென்ட் வேலை கிடைக்கும் என்பது டவுன்ஷிப்பில் எல்லோருக்கும் தெரியும். என் நிலம் அவரோடு முடிந்துபோவதா? எனக்கு மனசு ஆறவில்லை.

அவருக்கு வயிற்றுப்புண். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "தலைவலின்னு ஆஸ்பிரின் குடுத்துடாதம்மா. புண்ணுல ரத்தம் கசியும். சாராயம் குடிச்சிட்டு, வெறும் வயித்துல போட்டா இன்னும் மோசம்" என்றார். எனக்குப் புரியும்படி பொறுமையாகச் சொன்னார். உங்களிடம் புகார் கொடுத்ததும் அவர்தானாமே. எனக்கு அவர்மேல் வருத்தமில்லை.

வீட்டுக்காரர் நைட் ஷிப்ட் முடிந்து, வழியில் சாராயமும் குடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார்.

"தல வெடிக்குது. ஆஸ்பத்திரியில மாத்திர எதுனா குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க. இந்தாங்க." பெட்டிக்கடையில் நான் வாங்கி வைத்த ஆஸ்பிரின்தான்.

"சாப்ட்டுட்டுப் போட்டுக்கவா?"

"சோறு இன்னும் வெந்துகினு கீதுங்க. மொதல்ல இத்தப் போட்டுக்குங்க."

மறுபேச்சு பேசமாட்டார். என்மேல் அவ்வளவு நம்பிக்கை. டாக்டர் மோர்சாதம் போடச் சொல்லியிருந்தார். அவருக்குப் பிடிக்குமே என்று காரக்குழம்புதான் வைத்தேன்.

கொல்லைக்குப் போனால் கறுப்பாகப் போகிறது என்று ஒருநாள் பயந்துபோய்ச் சொன்னார். ரத்தம் என்று எனக்குத் தெரியும். "மைன்ஸ் தூசிதாங்க, உள்ள போயிருக்கும்" என்றேன். அவரும் சரியென்று வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

மார்கழியில் ஒரு காலை ரத்தமாக வாந்தி எடுத்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. தலையை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். அது பொய்யழுகை இல்லை, ஐயா.

கருமாதிக்கு யூனியன்காரர் மாடசாமி வந்தார். "ஒடம்பு முடியல, நான் வெலகிக்கிறேன், பையனுக்கு வேல குடுங்கன்னு கேட்டிருந்தாருங்க. போன மாசமே சரின்னுட்டாங்க. பொங்கலுக்குச் சொல்லி உங்கள அசத்தணும்னு இருந்தாரு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கட்டிய பெண்டாட்டியிடம் இதையெல்லாமா மறைப்பார்கள்? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மனுஷர் இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பார்.