நிலாவுக்கு ஒரு 'ல்' கூடுதல்

உங்கள் கையெழுத்து மணிமணியாக இருக்கிறது. பள்ளி ஆசிரியை என்று நீங்கள் சொல்லாமலே தெரிந்திருக்கும். எங்கள் துப்பறியும் தொடரில் வரும் பெயர்களுக்குள் என்ன ஒளிந்திருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். பாத்திரங்களுக்குப் பெயர் வைப்பதும், அதைத் திரையில் தட்டச்சு செய்து போடுவதும் என் வேலை. பதினோரு வருடமாகச் செய்கிறேன்.

தாழை, உள்ளே தாழிட்ட அறையில் இறந்தாள். அதைச் சரியாகப் பிடித்துவிட்டீர்கள். திரையனைத் தேடி வந்த போலீஸ்காரர்கள் வீடு முழுக்கத் திரைச்சீலைகளை விலக்கிப் பார்த்தார்கள். அலைக்கும் திரை என்று ஒரு பெயர் உண்டு என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை. உடல் கடலில் கிடந்தது.

கடைசியாக ஒன்று கேட்டிருக்கிறீர்கள். நூலகர் நிலாவின் முகத்துக்குக் கீழே ஏழாவது வாரம் மட்டும் 'நில்லா' என்று வந்ததே, அது துப்பா, பிழையா? நில்லா என்றால் நிற்காதவள், ஆகவே சாவாள் என்று நினைத்தீர்கள். பதின்மூன்றாவது வாரம் தொடர் முடியும்போது அவளோ குடையை விரித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்து போனாள். ஏமாந்துவிட்டேன் என்கிறீர்கள். நியாயம்தான்.

நிலா என் அக்காவின் செல்லப்பெயர். வட்ட முகம் என்று அப்பா வைத்தது. பெற்றவர்கள் போனபின் என்னை வளர்த்து ஆளாக்கியவள் அவள்தான்; தனக்கென்று ஒரு வாழ்க்கை தேடிக்கொள்ளவில்லை. ஒன்பது வருடங்களுக்கு முன் அவளுக்குக் கால்கள் விழுந்துவிட்டன. தூக்கிக் குளிப்பாட்டுவது, தலை வாருவது, படுக்கையில் புரட்டிவிடுவது எல்லாம் நான்தான். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. அதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

இந்த வருடம் அவள் இதயமும் தகராறு செய்தது. அறுவை சிகிச்சைக்கு அவள் கையெழுத்துப் போட வேண்டும். கத்தி என்றாலே அவளுக்கு நடுக்கம்.

"உன் கதையில என் பேரு வச்சவ தப்பிச்சா நானும் தப்பிச்சிருவேன்டா. முடிவை நீ சொல்லாத. பேரை வச்சு நானே கண்டுபிடிச்சு, அப்புறம் கையெழுத்துப் போடுறேன்" என்றாள்.

மருத்துவர் என்னைத் தனியே அழைத்தார். "கவலையே படாதீங்க. செஞ்சுட்டா இன்னும் இருபது வருஷம் இருப்பாங்க."

"கால்?"

"அது வராதுங்க."

எங்கள் படத்தொகுப்பு அறையில் ஒருத்தி எனக்காக நாலு வருடமாகக் காத்திருந்தாள். அன்று மாலை அவளிடம் இருபது என்று சொன்னேன். பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

ஏழாவது வாரம் அந்த 'ல்'லை நான்தான் தட்டினேன். ஒளிபரப்பு முடிந்ததும் மேலாளர் கூப்பிட்டார். எழுத்துப் பிழை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். யானைக்கும் அடி சறுக்கும் என்று தோளில் தட்டி அனுப்பினார்.

வீட்டில் அக்கா தொலைக்காட்சியை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் மருத்துவமனைப் படிவம், கையில் பேனா.

"தம்பி, அது பிழைதானே? பிழைன்னு ஒரு வார்த்தை சொல்லு, நான் பிழைச்சுக்கிறேன்."

விளையாட்டாகத்தான் கேட்டாள். ஆனால் பேனா மூடியைக் கழற்றிவிட்டிருந்தாள்.

"நான் என்னிக்குக்கா எழுத்துப் பிழை விட்டிருக்கேன்?" என்றேன்.

அவள் பேனாவை மூடினாள். படிவத்தை நாலாக மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்தாள்.

"சரிடா. சாப்பிட்டியா?"

அதற்குப் பிறகு ஐந்து வாரம் இருந்தாள். நிலா குடை விரித்துப் போனதைப் பார்க்க அவள் இல்லை. அந்த முடிவை எழுதும்போது நானும் கூடத்தான் இருந்தேன். தொடர் தொடங்கும் முன்பே அது எனக்குத் தெரியும்.

அவளுக்காக நான் அழுதது நடிப்பில்லை. கத்தியும் வலியும் அவளுக்கு வேண்டாம் என்றுதான் செய்தேன் என்று இத்தனை மாதம் எனக்கே சொல்லிவந்தேன். உங்களுக்கும் அதையே எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. தெரிந்தவர்கள் எல்லோரும் அவள் செத்துவிடுவாளோ என்று பயந்தார்கள். நான் மட்டும், அவள் பிழைத்துவிடுவாளோ என்று பயந்தேன்.