மேஜை விளிம்பில் அரை இஞ்சு

கோட்டு தைக்கக் கொடுக்க வருகிற எந்த ஆளும் கண்ணாடி முன்னால் நின்றதும் வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்வான். அளவு கொடுக்கும்போது யாரும் தன் நிஜ உடம்போடு நிற்பதில்லை. அதனால் அளவெடுக்கிறவன் அவனைப் பேச்சில் இழுக்கவேண்டும். அவன் மறந்துபோய் மூச்சை விட்ட பிறகுதான் டேப்பைச் சுற்றவேண்டும். இதில் ரத்தினவேல் மாஸ்டரை மிஞ்ச தேவராஜ மொஹல்லாவில் ஆள் கிடையாது.

நீங்கள் அவரைப் பற்றித்தான் கேட்கிறீர்கள், ஸார். சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒன்று. அவரை இடித்த குண்டலுபேட்டை பஸ்ஸின் டிரைவர் கெம்பையனை உள்ளே வைத்திருக்கிறீர்கள். அவர் மேல் தப்பில்லை. ஹாரன் அடித்தார், பிரேக்கும் போட்டார். அதைச் சொல்லத்தான் நானாக வந்தேன். ஸ்டேஷன் ரைட்டரை மெதுவாக எழுதச் சொல்லுங்கள். நான் சொன்னதைத் திரும்பத் திருத்த நேரலாம். எனக்கு அந்தப் பழக்கம் உண்டு.

என் பெயர் செலுவநாராயணன். பகலில் கடை, சாயங்காலம் வணிகக் கணக்கு வகுப்பு. குடியரசு வந்த மறு வருஷம் மாஸ்டரும் நானும் கூட்டாகத் தையல் கடை போட்டோம். இடம் என்னுடையது, துணி வாங்குவதும் நான், வெட்டுவது அவர். நல்ல காலத்தில்தான் தொடங்கினோம். இன்ஷூரன்ஸ், பாங்கு, கூட்டுறவுச் சங்கம் என்று ஊரில் புதிது புதிதாக ஆபீஸ்கள் வந்தன. நேற்றுவரை வேட்டியும் சட்டையுமாகப் போனவர்களுக்கெல்லாம் மூடிய கழுத்துக் கோட்டு தேவைப்பட்டது. கழுத்துப் பொத்தான் சரியாக உட்கார்ந்தால்தான் அந்தக் கோட்டுக்கு மரியாதை. அது உட்காரும் என்று நம்பித்தான் எங்களிடம் வந்தார்கள்.

மாஸ்டருக்குச் சந்தேகம் என்பதே வராது. ராமாபுரத்துக்காரர், என்னைவிட மூத்தவர், பேச்சு நாலு கடைக்குக் கேட்கும். ரேஸுக்குப் போவார், தோற்றுவிட்டு வருவார். "குதிரை சரியான குதிரைதானுங்க சாமி. மேல உக்காந்தவன்தான் சரியில்ல" என்பார். அன்றைக்கும் நன்றாகத் தூங்குவார். கண்ணால் பார்த்தே மார்பளவு சொல்வார். பெரும்பாலும் சரியாக இருக்கும், சில சமயம் தப்பும். தப்பினாலும் அவர் முகம் மாறாது. "நீங்க மூச்ச இழுத்துட்டீங்க" என்று வந்தவர் தலையில் போட்டுவிடுவார்.

நான் அப்படியில்லை. கடையைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போவேன். பூட்டினேனா என்று திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பேன். மறுபடி போவேன், மறுபடி வருவேன். வகுப்பில் கூட்டல் சரியாக வந்தாலும் கீழிருந்து மேலே இன்னொரு தடவை கூட்டுவேன். படுத்த பிறகும் கை ஏதாவது ஒன்றைத் தொட்டுச் சரிபார்த்துக்கொண்டே இருக்கும். மாஸ்டர் இதைப் பார்த்துச் சிரிப்பார். கெட்ட எண்ணத்தோடு அல்ல. அதை நான் ஒப்புக்கொள்கிறேன்.

வகுப்புக்குப் போட்டுக்கொண்டு போக எனக்கும் ஒரு கோட்டு வேண்டியிருந்தது. சாம்பல் நிறக் கம்பளித் துணி ஒன்றை எடுத்து வைத்தேன். என் கடையில் நானே வாடிக்கைக்காரனாக நின்றது அன்றைக்குத்தான். மாஸ்டர் என்னை ஏறிட்டுப் பார்த்தார், துணியை விரித்தார், சாக்கட்டியால் கோடு போட ஆரம்பித்துவிட்டார்.

"அளவெடுக்கலையா மாஸ்டர்?"

"தெனமும் எதுத்தாப்புல நிக்கற ஒடம்பு. இத அளந்தா டேப்புதான் தேயும்."

"தோள் மட்டுமாவது ஒரு தடவை பாத்துடலாமே."

"சாமி, உங்க ஒடம்பு மாறவே இல்லீங்க. சந்தேகந்தான் வேளைக்கு வேளை மாறுது. அதுக்குக் கோட்டு தைக்கோணும்னா மில்லுல துணி பத்தாது."

காத்திருந்த பாங்குக்காரர்கள் இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கோட்டு அப்படியே பொருந்தியது. வகுப்பில் கையைத் தூக்கிப் பார்த்தேன், குனிந்து பார்த்தேன், கழுத்துக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். எங்கேயும் இழுக்கவில்லை. உபாத்தியாயர் சொன்னதோ கரும்பலகையில் எழுதியதோ எதுவும் என் தலையில் ஏறவில்லை. ஒரே ஒரு தப்பு இருந்திருந்தால் நான் இங்கே வந்து உட்கார்ந்திருக்க மாட்டேன் என்று தோன்றுகிறது. இதை எழுதவேண்டாம். இல்லை, எழுதிக்கொள்ளுங்கள்.

இனி டேப் விஷயம். எங்கள் கடையில் இரண்டு டேப் உண்டு. மாஸ்டர் கழுத்தில் தொங்குவது ஆளை அளக்க. வெட்டு மேஜையின் விளிம்பில் ஆணி அடித்து நீளவாக்கில் பதித்திருப்பது துணியை அளக்க. மாஸ்டர் ஆள் அளவைச் சொல்வார், நான் புத்தகத்தில் எழுதுவேன். பிறகு அந்த எண்ணைப் பார்த்து மேஜை டேப்பில் துணியை வைத்து வெட்டுவார். இரண்டு டேப்பும் ஒரே மாதிரிப் பொய் சொன்னால் பொய் வெளியே வராது. ஒரு டேப் மட்டும் பொய் சொல்லவேண்டும்.

நான் அதே மாதிரி இன்னொரு டேப் வாங்கி, ஆரம்பத்தில் அரை இஞ்சை நறுக்கிவிட்டு, பழையபடி பித்தளைப் பூணை மாட்டினேன். காலையில் கடை திறப்பது நான்தான். மேஜை விளிம்பில் இருந்ததைப் பெயர்த்துவிட்டு இதை அடித்தேன். அதில் வெட்டுகிற எதுவும் அரை இஞ்சு குறையும். புத்தகத்தில் நான் ஒரு எண்ணைக்கூட மாற்றி எழுதியதில்லை. அதைத் தயவுசெய்து தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் கோட்டு கேசவமூர்த்தியுடையது. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் அவருக்குப் புதிதாக இன்ஸ்பெக்டர் உத்தியோகம் கிடைத்திருந்தது. மறுநாள் பெங்களூரில் பெரிய துரைகளுக்கு முன்னால் போய் நிற்கவேண்டும். கோட்டைப் போட்டார். கழுத்துப் பொத்தான் துளைக்கு எட்டவில்லை.

"என்ன மாஸ்டரே, இது எனக்குத் தெச்சதா, எங்காத்து மைத்துனனுக்கா?"

"மூச்ச விடுங்க சார்."

"விட்டா இன்னும் உப்பும். நான் என்ன பண்ணட்டும், கழுத்தைக் கழட்டிக் கையில வெச்சுக்கட்டுமா?"

மாஸ்டர் தன் கழுத்து டேப்பால் கோட்டை அளந்தார். புத்தகத்தில் இருந்ததைவிட அரை இஞ்சு குறைவு. மறுபடி அளந்தார். அவர் ஒரு விஷயத்தை மறுபடி செய்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. "அளவு சரியாத்தான் எழுதியிருக்கேன் மாஸ்டர். வெட்டறச்சே ஏதாவது கவனப்பிசகா இருக்கும்" என்றேன். கேசவமூர்த்தி கழுத்தைத் திறந்துபோட்டுக்கொண்டேதான் பெங்களூர் போனார். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. இனிமேல் வெளியூர்ப் பயணம் இல்லாத ஆட்களாகப் பார்த்துச் செய்யவேண்டும் என்று முடிவு செய்தேன்.

தப்பு எப்போதும் வந்தால் அது கருவியின் தப்பு. எப்போதாவது வந்தால்தான் மனிதனின் தப்பு. இது எனக்குச் சீக்கிரமே புரிந்தது. ஆகவே சில நாள் நல்ல டேப்பை அடித்து வைப்பேன், சில நாள் மற்றதை. மாஸ்டருக்கும் டேப் மேல் சந்தேகம் வந்தது. ஒருநாள் கழுத்து டேப்பை எடுத்து மேஜை டேப் மேல் வைத்துப் பார்த்தார். அன்று இருந்தது நல்லது. அவர் அதையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

கண் டாக்டரிடம் நான்தான் அழைத்துப்போனேன். கண்ணில் ஒன்றுமில்லை என்றார் டாக்டர். வெளியே வந்ததும், "ஒண்ணுமில்லன்னா அப்புறம் எதனால சாமி?" என்று மாஸ்டர் கேட்டார். "சில விஷயம் டாக்டருக்குப் பிடிபடாது" என்றேன். பொய் என்று சொல்லமுடியாது.

பிறகு அவரே துணியில் தாராளமாக விட்டு வெட்ட ஆரம்பித்தார். கோட்டுகள் கோணி மாதிரி வந்தன. சரிசெய்யப் போய் இன்னொரு பக்கம் இறுகின. நல்ல டேப்பையே அடித்து விட்டுவிட்டேன், அதற்கப்புறம் அதைத் தொடவில்லை. தேவைப்படவில்லை.

அவர் மனைவி வடிவு வீட்டில் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுப்பாள். ஒருநாள் துணிமூட்டையைக் கொடுக்க வந்தவள் போகாமல் நின்றாள்.

"ஏனுங்க சாமி, இவுருக்கு என்னாச்சு? ஊட்டு வாசப்படியில ஒசரம் பாத்துட்டு நிக்கறாரு. சோத்துல உப்புப் போட்டேனான்னு என்னைக் கேட்டுட்டு, அப்புறம் தின்னுட்டும் கேக்கறாரு. நாக்கு யாருதுன்னு கேட்டா அதுக்கும் ரோசன பண்றாரு."

"வேலை ஜாஸ்தி. சரியாயிடும்."

"ரோடு தாண்டறதுக்கு அரை மணி. வண்டி கிட்ட இருக்கா, எட்ட இருக்கான்னு தெரியலயாமா. நீங்க சொன்னா கேக்கறாரு. கொஞ்சம் கூடவே கூட்டிட்டு வந்துருங்க சாமி. உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

அன்றுமுதல் கடை சாத்தியதும் சயாஜி ராவ் ரோட்டை நாங்கள் சேர்ந்துதான் தாண்டுவோம். அந்தப் பக்கம் என் வகுப்பு, அவருக்கு வீட்டுக்குப் போகும் வழி. என் கோட்டுக் கையைப் பிடித்துக்கொள்வார். "வரலாமுங்களா சாமி?" என்பார். "வாங்க மாஸ்டர்" என்பேன். ஊரிலேயே பெரிய பேச்சுக்காரர், என் கையைப் பிடித்துக்கொண்டு, நான் சொல்கிற வரைக்கும் நடைபாதையில் நிற்பார்.

அந்த மாதங்களில் நான் நன்றாக இருந்தேன். பூட்டை ஒரு தடவைதான் இழுத்துப் பார்த்தேன். தூக்கம் வந்தது. வகுப்புப் பரீட்சையிலும் தேறினேன். கடைக்கும் நஷ்டமில்லை, அவர் போட்ட ஒவ்வொரு சாக்கட்டிக் கோட்டையும் நான் பார்த்துச் சரி என்ற பிறகுதான் கத்தரி வைப்பார். இப்போதுதான் கடையில் கவனம் வந்திருக்கிறது என்று வாடிக்கைக்காரர்களே சொன்னார்கள். மாஸ்டருக்கு நான் நல்லதுதான் செய்திருக்கிறேனோ என்றுகூட நினைத்தேன்.

போன புதன்கிழமை தாசில்தார் ஆபீஸிலிருந்து ஒருவர் வந்தார். தசராவுக்குள் கறுப்புக் கோட்டு வேண்டும் என்றார். நான் உள்ளே துணி எடுத்துக்கொண்டிருந்தேன். மாஸ்டர் அவரைப் பார்த்து, "முப்பத்தெட்டர" என்றார். என்னைக் கேட்கவில்லை. தானாக வாயில் வந்துவிட்டது. பிறகு டேப்பைச் சுற்றினார். முப்பத்தெட்டரை. வந்தவர், "அடடே, கண்ணா தராசா?" என்றார். மாஸ்டர் சிரித்தார். பழைய சிரிப்பு, பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

அன்றைக்குத் துணியைத் தானே விரித்தார், தானே கோடு போட்டார். "நீங்க வந்து பாக்க வேண்டாமுங்க சாமி. நாளைக்கு நானே வெட்டிப்போடறேன்" என்றார். மத்தியானம் முழுக்க அவர் வாய் ஓயவில்லை. நான் துணிக்கட்டுகளை அடுக்கினேன், கலைத்தேன், மறுபடி அடுக்கினேன். கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. பூட்டியதும் திரும்பி இழுத்துப் பார்த்தேன். மறுபடியும் பார்த்தேன். அவர் பழையபடி சிரித்துக்கொண்டே நின்றார்.

ரோட்டு ஓரத்துக்கு வந்ததும் கையை நீட்டினேன். அவர் பிடிக்கவில்லை.

"நீங்க போங்க சாமி, வகுப்புக்கு நேரமாச்சு. நானே வாறேன்."

நான் தாண்டி அந்தப் பக்கம் போய் நின்றேன். விளக்கு போட்டுவிட்டார்கள், வெளிச்சம் நன்றாகவே இருந்தது. மார்க்கெட் பக்கமிருந்து கெம்பையனின் பஸ் வந்தது. மாஸ்டர் அதைப் பார்த்தார்.

"பஸ்ஸு கிட்ட வந்துருச்சுங்க சாமி. அது போவட்டும்."

சரியாகத்தான் சொன்னார். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது.

"இல்லை மாஸ்டர். தூரத்துலதான் இருக்கு. வாங்க."

ரோட்டைத் தாண்டிக் கேட்கிற அளவுக்குத்தான் சொன்னேன், கத்தவில்லை. தினமும் சொல்கிற அதே குரல். அவர் பஸ்ஸைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஹாரன் சத்தம் அவருக்கும் கேட்டிருக்கும். முகத்திலிருந்த சிரிப்பு இறங்கிப்போனது.

"தூரமுங்களா?"

தலையசைத்தேன். இறங்கினார்.

கூட்டம் கூடியது. நான் வகுப்புக்குப் போனேன், சற்றுத் தாமதமாக.

அவர் சாகவேண்டும் என்று நினைத்தாயா என்று கேட்பீர்கள். நானும் என்னைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். இல்லை என்று சொன்னாலும் நிச்சயமில்லை, ஆம் என்று சொன்னாலும் நிச்சயமில்லை. என்னையா, தன் கண்ணையா, எதை நம்புகிறார் என்று ஒரு தடவை சரிபார்க்க நினைத்தேன், அவ்வளவுதான். அவர் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டேதான் காலை வைத்தார், ஸார். அவர் நம்பியது என்னைத்தான். பிறந்ததிலிருந்து எனக்குத் துளி சந்தேகமும் வராத விஷயம் அது ஒன்றுதான்.