மாடியில மிதிக்கிற சத்தம்

இல்லங்க தம்பி, நீங்க கோவப்படுறது நியாயம்தான். தலைக்கு மேல நாள் முழுக்கத் தொம்மு தொம்முன்னு மிதிச்சா யாருக்குத்தான் எரிச்சல் வராது? உள்ள வாங்க. அங்க இருட்டா இருக்கு, இப்படி ஜன்னல் பக்கமா வந்து நில்லுங்க. அந்தத் துணி மூட்டையை நகத்திடுறேன். எல்லாம் கால்சட்டைங்க, சாயங்காலத்துக்குள்ள அடி மடிச்சுத் தெச்சுக் குடுக்கணும், கடைக்காரரு உயிரை எடுக்குறாரு. உங்களை உக்காருங்கன்னு சொல்லலாம்னா எனக்கே ஒரு இடத்துல உக்கார முடியலை. காலையிலேர்ந்து இருப்புக்கொள்ளாம சுத்திக்கிட்டு இருக்கேன்.

இன்னொரு தடவை நீங்க புகார் பண்ணா வீட்டைக் காலி பண்ணணும்னு ஓனர் சொல்லிட்டாராமே. நேத்து என் பையன் மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கிட்டு வந்து நிக்கிறான். இந்த வயசுல மூட்டை முடிச்சோட எங்க போறது, சொல்லுங்க.

விஷயம் ஒண்ணும் பெருசு இல்லை. என் மருமகளுக்குப் பொறந்ததுலேர்ந்து காது கேக்காது. அதோ, அந்த ரூம்ல அயர்ன் பண்ணிக்கிட்டு இருக்கா பாருங்க, அவதான். கூப்பிடணும்னா இந்தப் பலகைத் தரையில ஒரு மிதி. அதிர்வு காலுக்குத் தெரியும், திரும்பிப் பாக்கலாம். என்னது? வாயிலேர்ந்து கையை எடுத்துட்டுச் சொல்லுங்க தம்பி. கம்பளமா? விரிச்சுப் பாத்தோமே. சத்தமும் போச்சு, அதிர்வும் போச்சு.

எனக்கும் மொதல்ல இவளைப் பிடிக்கத்தான் இல்லை, மறைப்பானேன்? இவளைத்தான் கட்டிக்குவேன்னு பையன் ஒத்தக்கால்ல நின்னப்ப, உலகத்துல வேற பொண்ணே இல்லையாடான்னு கேட்டேன். வந்த புதுசுல அவ முன்னாடி நின்னு வாயைப் பொளந்து கத்துவேன். எல்லாரும் பண்றதுதானே. கத்துனா உதடு கோணிக்கும், அவளுக்கு ஒரு எழவும் புரியாது. புரியலைன்னதும், இதுக்குக் காதும் இல்லை, மூளையும் இல்லைன்னு நானே முடிவு கட்டிட்டேன். மூஞ்சியைப் பாத்துச் சாதாரணமா பேசுனாலே போதும்னு தெரிஞ்சுக்க எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு. இதுல மூளை இல்லாதது யாருக்குங்க?

கொஞ்சம் மெதுவா சொல்லுங்க. பகல்ல அவளை அவங்கம்மா வீட்டுக்கு அனுப்பணுமா? பையன் வேலை முடிஞ்சு வர்றப்ப கூட்டிட்டு வரணும். ம். நல்ல யோசனைதான், உங்களுக்கு.

ஒரு நாள் அடுப்புல குக்கரை வெச்சுட்டு இந்த மெஷின்ல உக்காந்து தெச்சுக்கிட்டு இருந்தேன். தீஞ்ச வாசனை அவளுக்குத்தான் மொதல்ல எட்டுச்சு. ஓடிப்போய் அணைச்சுட்டு வந்து, என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு நின்னா. விசில் எத்தனை அடிச்சுதோ, யாரு கண்டா? வேலை மும்முரத்துல கவனிக்கலைன்னு ஒரு பொய்யைச் சொன்னேன். அவ நம்பலை. புருஷன்கிட்ட போட்டுக் குடுக்கவும் இல்லை. மறுநாள் என் எதிர்ல வந்து உக்காந்து, தண்ணின்னா இப்படி, வலின்னா இப்படின்னு கையால காட்டிக் குடுக்க ஆரம்பிச்சா.

நான் அவளைக் கூப்பிடுறதுக்கு மிதிக்கிறேன்னு நினைச்சீங்களா? மிதிக்கிறது அவதாங்க. என்னைக் கூப்பிடத்தான். அவளை அனுப்பிட்டா அப்புறம் என்னை யாருங்க கூப்பிடுறது?

பையனுக்குத் தெரியாது. கூப்பிட்டாக்கூட அம்மா திரும்ப மாட்டேங்குறாங்க, அவங்களுக்கு இன்னும் எங்க மேல கோவம் தீரலைன்னு பொண்டாட்டிகிட்ட புலம்புறானாம். நானும் விட்டுட்டேன். கோவக்காரின்னு பேரு வாங்கிடலாம், செவிடின்னு வாங்க முடியுமா? இதே வாயாலதான் அந்த வார்த்தையை அவளை எத்தனை வாட்டி சொல்லியிருக்கேன். நினைச்சா வெக்கமா இருக்கு. இன்னிக்கு அவன் வந்ததும் சொல்லிடப் போறேன். அதான் காலையிலேர்ந்து இந்தப் பாடு. அவனுக்கு முன்னாடி உங்ககிட்ட சொல்லிட்டேன், பாருங்க.

அய்யோ, நீங்க ஏன் இப்பக் கத்துறீங்க? கழுத்து நரம்பு புடைக்குது. கத்துனாலும் ஒண்ணுதான், கத்தாட்டியும் ஒண்ணுதான். வந்ததுலேர்ந்து நீங்க பேசுனதுல பாதிதான் எனக்குப் புரிஞ்சுது, மீதியை அந்த மீசை மறைச்சுடுச்சு. அதைக் கொஞ்சம் ஒதுக்கி விட்டுட்டு, மொதல்லேர்ந்து சொல்லுங்க.