முடிவு வரை பார்த்தவர்

மேடையில் இருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, அண்ணனின் துணைவியாரே, மகளே, கடையைப் பூட்டிவிட்டு இந்த நினைவேந்தல் கூட்டத்துக்கு வந்திருக்கும் வீடியோ விநியோகஸ்தர்களே, இத்தனை ஆண்டுகளாக எங்களிடம் படம் வாங்கிப் பார்த்து எங்கள் வீட்டில் அடுப்பெரிய வைத்த வாடிக்கையாளர்களே, உங்கள் எல்லோரையும் வணங்கிப் பேசத் தொடங்குகிறேன்.

நம் சங்கத்தின் தரக்குழுத் தலைவராகப் பதினெட்டு ஆண்டுகள் இருந்தவரை, அந்தப் பதவியைச் சொல்லி யாராவது அழைத்ததுண்டா? கிளைமாக்ஸ் அண்ணன் என்றுதான் அழைத்தோம். கேலிக்காக வைத்த பெயர் அது. வைத்தவன் நான்தான்.

ஏன் வைத்தேன்? கேசட் காலத்தில் நாமெல்லாம் எப்படிச் சோதித்தோம்? முதல் ஐந்து நிமிடம் ஓட்டுவோம். படம் தெரிகிறதா, குரல் கேட்கிறதா, சரி, பெட்டியில் போடு. அண்ணனோ, அன்று நானும் வேலை பார்த்த தம் கடையின் பின்னறையில், ஒரு கை உடைந்த நாற்காலியில் உட்கார்ந்து, ஒவ்வொரு கேசட்டின் கடைசிப் பத்து நிமிடத்தையும் பார்ப்பார். பார்த்த பிறகுதான் ஒரு சின்னச் சீட்டில் "முடிவு வரை பார்த்தேன்" என்று எழுதிக் கையெழுத்திட்டுப் பெட்டிக்குள் வைப்பார். எதற்கு இந்த வேண்டாத வேலை என்று ஒருநாள் கேட்டேன்.

"ஆரம்பம் கெட்டிருந்தா அப்பவே திருப்பிக் கொடுத்துடுவாங்க தம்பி. முடிவு கெட்டிருந்தா, ரெண்டரை மணி நேரம் நம்மள நம்பி உட்கார்ந்தவங்கள ஏமாத்தினதாயிடும்" என்றார்.

அந்த அண்ணனும் ஒருமுறை தவறு செய்தார். இதோ முன்வரிசையில் இருக்கும் மகள் பிறந்த வாரம் அது. மருத்துவமனைக்கு ஓடும் அவசரத்தில், முந்நூறு சீட்டுகளில் முன்கூட்டியே கையெழுத்திட்டு, "பார்த்துட்டு வை தம்பி" என்று என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். நான் வழக்கம்போல் ஐந்து நிமிடம் பார்த்தேன். சீட்டை வைத்தேன். அனுப்பினேன்.

நாடா நீளம் போதவில்லை என்பது எனக்குத் தெரியாது. அது துப்பறியும் படம். கொலைகாரன் யாரென்று சொல்லத் துப்பறிவாளர் விரலை நீட்டுவார், அத்தோடு திரையில் புள்ளி புள்ளியாக இரைச்சல்தான் வரும். கடைசி ஆறு நிமிடம் ஒரு கேசட்டிலும் இல்லை. ஒவ்வொரு பெட்டியிலும் அண்ணனின் கையெழுத்து மட்டும் பத்திரமாக இருந்தது.

அண்ணன் என்ன செய்தார் தெரியுமா? கடை கடையாகப் போனார். கேசட் வீட்டுக்குப் போயிருந்தால் வீட்டுக்கே போனார். புது கேசட் வரும்வரை பொறுக்காதவர்களுக்கு, வாசலில் நின்று அந்த ஆறு நிமிடத்தையும் நடித்துக் காட்டினார். கொலைகாரனும் அவரே, துப்பறிவாளரும் அவரே. மகள் பிறந்த மருத்துவமனையின் செவிலியர் அம்மாவும் அப்படி முடிவைப் பார்த்தவர்தான். கேசட்டில் வந்ததைவிட அது நன்றாக இருந்தது என்று இன்றைக்கும் சொல்கிறார். அன்றிலிருந்து இருபத்தாறு ஆண்டுகளாக அவர் வேறு கடை ஏறவில்லை. இங்கேதான் இருக்கிறார், கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்தத் தவறு யாருடையது என்று அண்ணன் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. தன் தவறாகவே ஏற்றுக்கொண்டார். இன்று நான் சொல்கிறேன், அது என் தவறு. இதைச் சொல்ல எனக்கு இத்தனை ஆண்டுகள் ஆனது வெட்கமாக இருக்கிறது.

நண்பர்களே, வெட்கப்பட இன்னொன்றும் இருக்கிறது. போன வாரம், இப்போது நான் தனியாக நடத்தும் நிறுவனத்தின் புதிய டிவிடி மாதிரியை அண்ணனுக்கு அனுப்பினேன். படுக்கையில் சாய்ந்தபடியே பார்த்துவிட்டுத் தொலைபேசியில் கூப்பிட்டார். இடைவேளைக்குப் பிறகு உதடும் குரலும் ஒட்டவில்லை என்றார். அதையெல்லாம் யார் கவனிக்கப் போகிறார்கள் என்றேன்.

"நீ கவனிச்சியா?" என்று கேட்டார்.

கவனித்தேன் என்றேன். அவர் சிரித்துவிட்டுத் தொலைபேசியை வைத்துவிட்டார். அதுதான் நாங்கள் கடைசியாகப் பேசியது. மூன்றாம் நாள் போய்விட்டார். அந்த மாதிரியை நேற்று மகள் என்னிடம் திருப்பிக் கொடுத்தார். உள்ளே சீட்டு இருந்தது. அதில் கையெழுத்து இல்லை.

அந்த டிவிடிகள் எட்டாயிரமும் என் கிடங்கு வாசலில் லாரியில் ஏறி நிற்கின்றன. திங்கட்கிழமை உங்கள் கடைகளுக்கு வரவேண்டியவை. வராது. அத்தனையும் இறங்கும், ஒன்றுவிடாமல் புதிதாக அடிக்கப்படும். காத்திருக்கும் கடைக்காரர்கள் என்னைத் திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

அண்ணன் போய்விட்டார், இனி தரத்தை யார் பார்ப்பது என்று வாசலில் ஒருவர் கேட்டார். ஏன், நமக்குக் கண் இல்லையா? பின்னறையில் நாற்காலி இல்லையா? பார்ப்போம். நானும் பார்ப்பேன், நீங்களும் பாருங்கள்.

அண்ணே, உங்கள் சீட்டு என் சட்டைப் பையில் இருக்கிறது. புதிய டிவிடி வந்ததும் அந்தக் கை உடைந்த நாற்காலியில் உட்காருவேன். ஐந்து நிமிடத்தில் எழுந்துவிட மாட்டேன். முடிவு வரை பார்த்துவிட்டு, என் பெயரில் கையெழுத்திடுவேன்.