மெத்தை அறையின் தாழ்ப்பாள்

டீயா காபியா என்று நீங்கள் கேட்டதுமே டீ என்றேன், கவனித்தீர்களா? அதுதான் இந்தத் தருமன், இன்ஸ்பெக்டர் ஐயா. முக்கியமான விஷயத்தில் இழுத்துக்கொண்டிருந்தால் காரியம் கெட்டுவிடும். தேரடித் தெரு லாட்ஜில் பதினெட்டு வருடம் மேனேஜராக இருந்தது இந்தக் குணத்தால்தான்.

கார்த்திகையன்று மலையில் தீபம் தெரிந்த பிறகுதான் எங்கள் ஊரில் வீட்டு விளக்கை ஏற்றுவார்கள். லாட்ஜிலும் எல்லா அறையிலும் அகல் ஏற்றச் சொன்னேன். கூட்டிப் பெருக்கும் எழிலரசி, படிக்கட்டை ஒட்டி மெத்தைகளை அடுக்கி வைத்திருக்கும் அறைக்கு மட்டும் தயங்கினாள்.

"மெத்த ரூம்ல வேணாங்கண்ணே. ஜன்னல்கூட இல்ல. பத்திக்கினா என்னா பண்றது?"

"ஒரு ரூம்கூட இருட்டா இருக்கக் கூடாது. போய் ஏத்து" என்றேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

மொட்டைமாடியில் குழந்தைகளோடு நாற்பது பேர். ஆறு மணிக்குத் தீபம் தெரிந்ததும் அரோகரா சத்தம் ஊரையே நிறைத்தது. கொஞ்ச நேரத்தில் மெத்தை அறையிலிருந்து புகை வந்தது. ஓடிப் போய்ப் பார்த்தேன். எழிலரசி பற்றிக்கொண்ட மெத்தையை மற்றவற்றிலிருந்து இழுத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய முதுகுதான் தெரிந்தது.

இருப்பது ஒரே படிக்கட்டு, ஓர் ஆள் அகலம். நாற்பது பேரும் அலறியடித்து இறங்கினால் என்ன ஆகும், நீங்களே சொல்லுங்கள். கதவைச் சாத்தினால் நெருப்பு பரவாது என்று பயிற்சியில் சொல்லியிருக்கிறார்கள். சாத்தினேன். தாழ்ப்பாளும் போட்டேன்.

"அண்ணே, நான் உள்ள இருக்கேன். கதவத் தெறங்கண்ணே."

எனக்குப் பயமாக இருந்தது. இருங்கள், இந்த டம்ளரைக் கீழே வைத்துவிடுகிறேன். வெளியே வந்தால் விளக்கு வைக்கச் சொன்னது யார் என்று சொல்லிவிடுவாள். அப்புறம் முதலாளி, போலீஸ், பேப்பர். கதவில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டேன்.

தீபம் பார்த்தவர்கள் ஒவ்வொருவராக நிதானமாக இறங்கி வந்தார்கள். நெற்றி நிறைய விபூதியோடு வந்த ஒரு அம்மா மூக்கைச் சுளித்தார்.

"இன்னாங்க, பொகையா வருது?"

"சாம்பிராணிங்க. பாத்து எறங்குங்க, அவசரமே இல்ல."

கடைசி ஆளும் தெருவுக்குப் போய்விட்டார். தீயணைப்புச் சிலிண்டர் கைக்கெட்டும் தூரத்தில் சுவரில் தொங்கியது. முதுகில் தட்டல் மட்டும் தெரிந்தது, முன்னைவிட மெதுவாக. பிறகு அதுவும் நின்றுவிட்டது.

நாற்பது பேர் பிழைத்தார்கள் ஐயா. உடனே முடிவெடுக்காவிட்டால் நடந்திருக்குமா? அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அவள் எவ்வளவு நேரம் தட்டினாள் என்றா கேட்கிறீர்கள்? கால் மணி நேரம் இருக்கும். திறக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.